நந்திக்கடல் – முள்ளிவாய்க்கால் கரையோரம்: வளப் பாதுகாப்பும் அரச நிருவாகமும்

இலங்கையின் வட மாகாணத்தில், முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவில், ஒருபுறம் வங்கக்கடலும் மறுபுறம் நந்திக்கடல் களப்பும் சூழக் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம் முள்ளிவாய்க்கால். சுமார் 70 கிலோமீற்றர் நீளமான மாவட்டக் கரையோரத்தில் சுண்டிக்குளம், சாலை, நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய நீர்நிலைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கடற்றொழில், கரையோரம் பேணல், வனசீவராசிகள், சுற்றாடல், காணி, பாதுகாப்பு ஆகிய துறைகள் இங்கே ஒரே மணலின்மீது வெவ்வேறு எல்லைகளை வரைந்திருக்கின்றன. அவ்வெல்லைகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

நீரும் தொழிலும்

நந்திக்கடல் ஆழமற்ற களப்பு. வட்டுவாகலில் அது கடலோடு சேர்கிறது. கோடையில் மணல்மேடு வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏற அது உடையும், அல்லது வெட்டிவிடப்படும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் எல்லா ஆண்டும் ஒரே கருத்து இருப்பதில்லை. வயலில் நீர் ஏறினால் ஒருவர் அவசரப்படுவார். இறாலின் பருவம் பார்த்து மற்றவர் பொறுக்கச் சொல்வார். நந்திக்கடல் இறாலுக்கு வன்னி முழுவதும் பெயருண்டு. களப்பில் வீச்சுவலையும், கடற்கரையில் கரைவலையும் நெடுங்காலத் தொழில்கள். கரைவலை இழுக்கும் இடம் 'பாடு' எனப்படும். யாருடைய பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எழுதாமலே ஊர் அறிந்திருந்தது.

வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுத் தீர்த்தக்கரையில் கடல்நீர் மொண்டு, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுசென்று, அந்த உப்புநீரில் விளக்கேற்றும் வழக்கம் உண்டு. கரையோர வளம் பற்றிய சட்டங்கள் எதிலும் இது இடம்பெறவில்லை. எனினும் கரையை அடையும் பொது உரிமை இம்மாவட்டத்தில் ஆண்டுதோறும் தவறாமல் செயற்படுத்தப்படும் நிகழ்ச்சிகளுள் இது முதன்மையானது எனலாம்.

குடியேற்ற ஆட்சிக் காலம்

ஒல்லாந்தர் முல்லைத்தீவில் கோட்டை வைத்திருந்தனர். பிரித்தானியர் கால நிருவாக எழுத்துகள் வன்னியைப் பெரும்பாலும் குளமும் காடுமாகவே பார்த்தன; 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூல் அவற்றுள் நன்கறியப்பட்டது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து 1938இல் சுண்டிக்குளம் சரணாலயமாயிற்று. 1940ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கடற்றொழில் கட்டளைச் சட்டம் தொழிலைப் பதிவுக்கும் அனுமதிக்கும் உட்படுத்தியது.

சுதந்திரம் முதல் 1984 வரை

1951இல் கொக்கிளாய்க் களப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்றுத் தெற்கே புல்மோட்டையில் கனிய மணல் கூட்டுத்தாபனம் இல்மனைற் அகழத் தொடங்கியது. ஆக, களப்பின் பறவைகள் ஒரு திணைக்களத்திடமும் கரையின் கருமணல் இன்னொரு நிறுவனத்திடமும் சென்றன.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்க, கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் கடற்றொழிலாளர் அப்போது கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவுக் கரைகளில் வாடி அடித்துத் தொழில் செய்து, வாடைக்காற்று தொடங்க ஊர் திரும்புவது வழக்கம். இவ்வருகை உள்ளூரோடு இணங்கி நடந்ததாகச் சிலரும், தொடக்கத்திலிருந்தே பிணக்குக்கு இடமளித்ததாகப் பிறரும் எழுதுகின்றனர். இரண்டுக்கும் சான்றுகள் உள்ளன. 1984 டிசம்பரில் நடந்த வன்முறைகளோடு அந்த ஒழுங்கு முறிந்தது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். முல்லைத்தீவு தனி மாவட்டமாகி அப்போது ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன.

சட்டங்களின் பெருக்கம்

1976ஆம் ஆண்டின் கடல் வலயச் சட்டத்தின் பின்னர், ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கடலையும் கரையையும் தொடும் சட்டங்கள் வரிசையாக வந்தன. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் நிறைவேறியது. 1981இல் மட்டும் மூன்று: நாரா எனப்படும் நீரியல்வள ஆராய்ச்சி முகவர் நிலையத்துக்கான சட்டம், கரையோரம் பேணல் சட்டம், கடல் மாசடைதலைத் தடுக்கும் சட்டம். இவற்றுள் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டமே ஒருங்கிணைப்பை நேரடியாகக் கருதியது; பல திணைக்களங்களின் தலைவர்கள் அமரும் ஆலோசனைச் சபையொன்றையும் அது ஏற்படுத்தியது. சட்டம் 1983 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலம் நோக்கி 300 மீற்றரும், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடல் நோக்கி 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். கடலோடு நிரந்தரமாகவோ இடையிடையேயோ தொடர்புடைய ஆறு, களப்பு என்பவற்றில், வாயின் இரு முனைகளுக்கும் இடையே வரையும் நேர்கோட்டிலிருந்து செங்குத்தாக 2 கிலோமீற்றர் வரை வலயம் உள்ளே நீளும். 'இடையிடையே' என்ற சொல் நந்திக்கடலுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. ஆனால் வாய் அடைபட்ட கோடையில் அந்த நேர்கோட்டை எங்கே வரைவது என்பது நில அளவையாளரின் பாடு.

1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஆள்புலக் கடலுக்கு உட்பட்ட கடற்றொழிலை ஒருங்கியை நிரலில் சேர்த்தது. மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான விடயமாயிற்று. முதலாவது கரையோர வலய முகாமைத்துவத் திட்டம் 1990இல் வெளிவந்தபோது வன்னியின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. 1990களில் இக்கரையில் நடைமுறையிலிருந்தவை கடற்படையின் மீன்பிடித் தடைகளும் விடுதலைப் புலிகளின் நிருவாகமும். 2002 போர்நிறுத்தத்தின் பின் தடைகள் தளர்ந்தன.

2004 டிசம்பர் – 2005 ஜூலை

இக்கரையின் நிருவாகம் பற்றி இந்த ஏழு மாதங்களுக்கு ஆவணங்கள் நிறைய உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரத்தையும் அதன் இருபுறக் கரையோரக் கிராமங்களையும் அழித்தது. மாவட்டத்தில் இறந்தோர், காணாமற்போனோர் தொகை ஏறக்குறைய மூவாயிரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

2005 தொடக்கத்தில் அரசாங்கம் கரையில் மீளக் கட்டுவதற்குத் தடை வலயமொன்றை அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். இந்த இரட்டிப்பு வேறுபாட்டுக்கு, அலையின் தாக்கம் கிழக்கில் கடுமையாக இருந்தது காரணமாகக் கூறப்பட்டது; கடற்றொழிலாளர் அமைப்புகளும் பல ஆய்வாளரும் அதை ஏற்கவில்லை. விடுதிகளுக்குக் காட்டப்பட்ட சலுகை வாடிகளுக்கு இல்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. படகையும் வலையையும் கரையில் விட்டு 200 மீற்றருக்கு அப்பால் உறங்கும் கடற்றொழிலாளி கடலைப் பார்த்துத் தொழிலுக்குப் போவது எப்படி என்பது நியாயமான கேள்வி. ஒருபுறம் களப்பும் இருக்கும் முள்ளிவாய்க்கால் போன்ற இடத்தில் 200 மீற்றர் பின்வாங்குவது, தெற்குக் கரையில் பின்வாங்குவதுபோல் அன்று. பின்னால் இருக்கும் நிலம் அவ்வளவுதான். 2005 இறுதிக்கும் 2006க்கும் இடையில் இவ்விதி கைவிடப்பட்டு, கரையோரம் பேணல் திட்டத்தின் பின்வாங்கல் தூரங்களே ஏற்கப்பட்டன. அவை இடத்துக்கு இடம் சுமார் 35 முதல் 125 மீற்றர் வரை வேறுபட்டன.

2005 ஜூன் 24இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும், தமிழில் பொதுக் கட்டமைப்பு என வழங்கிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய ஆறு மாவட்டங்களில், கடலிலிருந்து நிலம் நோக்கி 2 கிலோமீற்றர் வரையான பட்டி அதன் எல்லை. முள்ளிவாய்க்கால் நிலம் ஏறத்தாழ முழுவதுமாக அதனுள் அடங்கும். மூன்று படிகள் வகுக்கப்பட்டன: மூவர் கொண்ட உயர்மட்டக் குழு, பதின்மர் கொண்ட பிராந்தியக் குழு, மாவட்டக் குழுக்கள். பிராந்தியக் குழுவில் புலிகளின் பிரதிநிதிகள் ஐவர், முஸ்லிம் கட்சிகள் சார்பில் மூவர், அரசாங்கம் சார்பில் இருவர். குழுவின் இடம் கிளிநொச்சி. வெளிநாட்டு உதவிக்குத் தனியான பிராந்திய நிதியம். எந்த முடிவை எந்தப் படியில் எடுப்பது, சிறுபான்மையாக அமர்ந்தவர் மறுத்தால் என்ன செய்வது என்பதுவரை எழுதப்பட்டிருந்தது. ஒப்பந்தம் வளப் பாதுகாப்பை நோக்கமாகக் கொண்டதன்று. நிவாரணம், புனர்வாழ்வு, மீள்கட்டுமானம் என்பவையே அதன் பொருள். ஆயினும் வீடு, இறங்குதுறை, வாடி, வீதி எல்லாம் அந்த 2 கிலோமீற்றருக்குள் அமையவிருந்ததால், இக்கரைக்கு எழுதப்பட்ட நிருவாக ஏற்பாடுகளுள் மிக விரிவானது அதுவே.

அது இயங்கவில்லை. ஜே.வி.பி. ஒப்பந்தத்தை எதிர்த்துக் கூட்டரசாங்கத்திலிருந்து விலகியது. அதன் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். ஜூலை 15இல் நீதிமன்றம் ஒப்பந்தத்தை முழுமையாகத் தள்ளாமல், பிராந்திய நிதியம், கிளிநொச்சியில் குழு அமைவது உட்பட்ட சில பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. எஞ்சிய பகுதியைக் கொண்டு நடத்தியிருக்கலாம் என்போரும் உளர். தடைக்குள்ளான பகுதிகளே அதன் உயிர் என்போரும் உளர்.

2009

போரின் இறுதி மாதங்களில் புதுமாத்தளன் முதல் வட்டுவாகல் வரையான கரை 'பாதுகாப்பு வலயம்' என அறிவிக்கப்பட்டது. இலட்சக்கணக்கான மக்கள் அங்கே அடைபட்டிருந்தனர். போர் மே 18 அளவில் முடிந்தது. இறந்தோர் தொகை இன்றுவரை பிணக்குக்கு உரியது. 40,000 வரை இருக்கலாம் என 2011இல் ஐ.நா. நிபுணர் குழு குறிப்பிட்டதை அரசாங்கம் ஏற்கவில்லை.

2009இன் பின்னர்

மீள்குடியேறியவர்கள் கரைக்கு வந்தபோது எல்லைகள் மாறியிருந்தன. வட்டுவாகலில் 617 ஏக்கர் பரப்பில் கடற்படை முகாம் அமைந்திருந்தது. அதற்கான காணியைச் சுவீகரிக்க அளக்கும் முயற்சிகளை மக்கள் பலமுறை மறித்துள்ளனர். 2011இல் கரையோரம் பேணல் சட்டம் திருத்தப்பட்டு, திணைக்களத்தின் பெயரோடு கரையோர மூலவள முகாமைத்துவமும் சேர்ந்தது. 2013இல் தெரிவான வட மாகாண சபையில் கடற்றொழிலுக்கு அமைச்சர் இருந்தார். அனுமதிப்பத்திரம், படகுப் பதிவு, கண்காணிப்பு ஆகியவை மத்திய திணைக்களத்திடமே இருந்தன. 2015இல் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாயிற்று.

2017 ஜனவரியில் நந்திக்கடல், 4,100 ஹெக்டயருக்குச் சற்றுக் கூடுதலான பரப்போடு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இயற்கை ஒதுக்காக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கண்டல் மரங்களையும் வலசை வரும் பறவைகளையும் காக்க இது உதவும் என்பதை மறுப்பவர் குறைவு. எல்லை எங்கே போகிறது, தம் காணியும் வலை வீசும் இடமும் உள்ளே அகப்பட்டனவா என்பதே ஊரவர் கேட்டது. பாரம்பரியத் தொழிலுக்கு இவ்வகை ஒதுக்கில் இடமுண்டு என்பது திணைக்களத் தரப்பின் விளக்கம். களப்பில் இறால் குஞ்சு விடுவது, நெக்டா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் வேலை. தொழிலாளரைப் பதிவது கடற்றொழில் திணைக்களத்தின் வேலை. ஒதுக்கின் காவல் மூன்றாமவருக்கு. இம்மூன்றும் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம்.

கடலில், இழுவைமடித் தொழில் 2017இன் 11ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் (திருத்தச்) சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இந்திய இழுவைப் படகுகளின் வருகை, வெளிச்சம் பாய்ச்சிப் பிடித்தல், வெடி, உழவு இயந்திரம் கொண்டு கரைவலை இழுத்தல் ஆகியவை பற்றிய முறைப்பாடுகள் அதன் பின்னும் தொடர்கின்றன. 2018 ஓகஸ்டில், தென்பகுதித் தொழிலாளருக்கான அனுமதிகள் தொடர்பாக முல்லைத்தீவில் போராட்டம் நடந்த நாள்களில், நாயாற்றில் தமிழ்க் கடற்றொழிலாளரின் வாடிகளும் படகுகளும் எரிக்கப்பட்டன.

அண்மைய நிலை

புதிய கரையோர வலய மற்றும் மூலவள முகாமைத்துவத் திட்டம் 2018இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. பின்னர் தேர்தல் நடக்கவில்லை. கிளிநொச்சிக் கரையில் கடலட்டைப் பண்ணைகள் தொடர்பான பிணக்குகள் 2021 முதல் பேசப்படுகின்றன. மன்னார் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கின் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு விடுவிக்கும் வர்த்தமானி 2024இல் வெளிவந்து நீதிமன்றம் வரை சென்றது. வட்டுவாகலில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியது கட்டும் பணி 2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது; களப்பின் வாய் அந்தப் பாலத்துக்கு அருகிலேயே உள்ளது.