பல் முளைச்ச பெல்ட்: தையல் மெஷின்ல இருந்து சிஎன்சி ரவுட்டர் வரைக்கும்

போன மாசம் மொட்டை மாடி ரூம்ல ஒரு சிஎன்சி ரவுட்டர் கட்டி முடிச்சேன். கம்ப்யூட்டர் சொல்ற பாதையில கட்டர் போய் பலகையை வெட்டுற மெஷின். முதல் வேலை, அம்மாவோட நூல்கண்டு டப்பாவுக்கு ஒரு வட்ட மூடி. 100 மில்லிமீட்டர் விட்டம். வெட்டி எடுத்துத் தடவிப் பார்த்தா, விளிம்புல சரியா நாலு இடத்துல சின்னதா ஒரு படி. மூடி உட்காரவே இல்லை.

ப்ரோக்ராம் சரி, மோட்டார் சரி, கட்டரும் புதுசு. கடைசியில காரணம் பெல்ட். ஏன்னு தேடிப் போனா, கதை ஒரு தையல் மெஷின்ல போய் நின்னுச்சு.

காலால மிதிக்கிற தையல் மெஷின் பார்த்திருப்பீங்க. அதுல தோல் பெல்ட். கொஞ்சம் வழுக்கினாலும் பெரிசா நஷ்டம் இல்லை. ஆனா மெஷினுக்குள்ள மேல ஊசி, கீழ பாபின். இது ரெண்டும் இம்மி பிசகாம ஒண்ணா ஓடணும். அங்க வழுக்குற பெல்ட் ஆகாது. 1940-களில் அமெரிக்காவில், கில்மர் கம்பெனியில இருந்த ரிச்சர்ட் கேஸ் என்ற என்ஜினியர், சிங்கர் தையல் மெஷினுக்காக பெல்ட்டோட உள்பக்கத்துல பல் வெச்சார். பல் புல்லியின் பள்ளத்துல போய் உட்காரும். டைமிங் பெல்ட் பிறந்தது இப்படித்தான். 1962-ல ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் வந்தப்போ, கேம்ஷாஃப்டை ஓட்டுறதும் பல் பெல்ட் ஆயிடுச்சு.

இங்க ஒண்ணைக் கவனிங்க. தையல் மெஷினும் சரி, கார் என்ஜினும் சரி, ஓடும்போது ஒரே திசையிலதான் சுத்துது. அந்தக் காலத்துப் பல் ட்ரபீசிய வடிவம். பள்ளத்துல சிக்காம நுழைஞ்சு வெளியே வர கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பாங்க. ஒரே திசைன்னா பல் எப்பவும் ஒரு பக்கச் சுவரிலேயே சாய்ஞ்சிருக்கும், இடைவெளி தெரியாது. திசை மாறினா, பல் எதிர்ச்சுவரைத் தொடுற வரைக்கும் மோட்டார் சுத்தும், கட்டர் நகராது. இதுக்குப் பேர் பேக்லாஷ்.

ஒரு வட்டம் வெட்டும்போது எக்ஸ் அச்சு ரெண்டு தடவை திசை மாறும், ஒய் அச்சு ரெண்டு தடவை. என் மூடியில இருந்த நாலு படி அதுதான்! நான் மாட்டியிருந்தது எம்எக்ஸ்எல் பெல்ட். அந்தப் பழைய ட்ரபீசியக் குடும்பத்தோட கடைக்குட்டி.

1970-களில் எச்டிடி என்ற வளைவான பல் வந்துச்சு. அதோட நோக்கம் அதிக பாரம் தாங்குறது. அப்புறம் கேட்ஸ் கம்பெனியோட ஜிடி வகை, பல்லையும் பள்ளத்தையும் இன்னும் நெருக்கமாப் பொருத்தி பேக்லாஷைக் குறைச்சுது. 2005-ல இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்துல ஏட்ரியன் போயர் ஆரம்பிச்ச ரெப்ராப் 3டி பிரிண்டர் திட்டமும், 2011-ல எட்வர்ட் ஃபோர்ட் கொண்டுவந்த ஷேப்பாக்கோ ரவுட்டரும் பெல்ட்டை வீட்டு மேஜைக்கே கொண்டுவந்துச்சு.

நீங்க கட்டப்போறீங்கன்னா, ஜிடி2 எடுங்க. பிட்ச் 2 மில்லிமீட்டர். 20 பல் புல்லி ஒரு சுத்துக்கு 40 மில்லிமீட்டர் நகர்த்தும். எம்எக்ஸ்எல் பிட்ச் 2.032. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ஒண்ணோட புல்லியில இன்னொண்ணை மாட்டாதீங்க. அடுத்தது, இழுபடுறது. பெல்ட் நீளம் ரெட்டிப்பானா இழுபடுறதும் ரெட்டிப்பாகும். அகலம் ரெட்டிப்பானா பாதியாகும். கட்டர் மரத்தோட மல்லுக்கட்டும்போது இது முக்கியம். பெரிய மெஷினுக்கு 6 மில்லிமீட்டர் அகலம் போதாது. 9 இல்லன்னா 15 பாருங்க. உள்ளே ஸ்டீல் கம்பி ஓடுற பெல்ட் அதிகமா இழுபடாது, ஆனா சின்ன புல்லியில வளைஞ்சு வளைஞ்சு கம்பி அறுந்துடும். ஃபைபர்கிளாஸ் நூல் இருக்கிறது நல்லது.

பெல்ட்டையும் புல்லியையும் சேர்த்தே மாத்தினேன். ரெண்டாவது மூடி டப்பாவுல கச்சிதமா உட்கார்ந்துச்சு. ஒரு பார்ட்டை வாங்குறதுக்கு முன்னாடி, இது முதல்ல எந்த வேலைக்காகப் பிறந்ததுன்னு இப்பல்லாம் கேட்டுக்கறேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.