வீட்டுக்கு எந்த டிவி? கடைக்குப் போகும் முன் வீட்டை அளந்து பாருங்கள்

போன மாதம் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது அமராவதிபுதூர் சகோதரர் ஒருவர் என்னை நிறுத்தினார். "ஹஜ்ரத், மகன் துபாயிலிருந்து லீவில் வருகிறான். அறுபத்தைந்து இஞ்ச் டிவி கொண்டு வரட்டுமா என்று கேட்கிறான். சரியா?" என்றார். மார்க்கச் சட்டம் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொல்லத் தொடங்கினேன். "அது தெரியும் ஹஜ்ரத். எங்கள் ஹாலுக்குச் சரிப்படுமா என்றுதான் கேட்டேன்" என்று சிரித்தார். அன்று மாலையே டேப் எடுத்து அளந்தோம். டிவி மாட்ட நினைத்த சுவருக்கும் அவர் உட்காரும் நாற்காலிக்கும் இடையே ஏழடி. அந்த ஏழடிக்கு அறுபத்தைந்து இஞ்ச் பொருந்தாது.

கணக்கு எளிது. டிவியின் இஞ்ச் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள குறுக்களவு. உட்காரும் தூரம் அந்த அளவைப்போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை இருந்தால் கண்ணுக்குச் சுகம். 32 இஞ்சுக்கு நாலடி முதல் ஆறரை அடி. 43 இஞ்சுக்கு ஐந்தரை முதல் ஒன்பதடி. 55 இஞ்சுக்கு ஏழு முதல் பதினொன்றரை அடி. 65 இஞ்ச் என்றால் குறைந்தது எட்டடி வேண்டும். சகோதரர் வீட்டுக்கு 43 போதும் என்று முடிவானது. கடையில் எல்லாம் சிறியதாகவே தெரியும். அங்கே கூரை உயரம், இடம் விசாலம். வீட்டுச் சுவரில் செய்தித்தாள்களை ஒட்டி அதே அளவுக்குச் செவ்வகம் வைத்துப் பார்த்தால் உண்மை புரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அந்த யோசனை வரும். 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டைத் திரை டிவி, பயணிகளின் வரியில்லா வரம்பிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முன் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் தோளில் தூக்கி வந்த காலம் நினைவிருக்கும். இப்போது விமான நிலையத்தில் வரி கட்ட வேண்டும், சரக்குக் கட்டணம் தனி, வழியில் திரை கீறினால் கேட்பாரில்லை. அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்காமல் நம்பக் கூடாது. மறுபக்கம், உள்ளூர் விலை இறங்கியிருக்கிறது. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது. மகன் அன்பாக வாங்கித் தர நினைத்தால் பணத்தை அனுப்பட்டும், டிவியை காரைக்குடியில் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து, எந்தச் சுவர்? நம் ஊரிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து ஏறக்குறைய 22 டிகிரி வடக்கே. ஹாலின் மேற்குச் சுவரில் டிவியை மாட்டிவிட்டால் அங்கே தொழும் பெண்களுக்கு ஒவ்வொரு வக்திலும் முன்னால் அது நிற்கும். அணைத்து வைத்தாலும் கறுப்புக் கண்ணாடியில் அசையும் நிழல்கள் தெரியும். ஆளுக்கு ஒரு அறை இருக்கும் வீட்டில் இது பிரச்சினையல்ல. ஒரே ஹாலில் எல்லாம் நடக்கும் வீட்டில் பெரிய பிரச்சினை. பொதுவாக வடக்கு அல்லது தெற்குச் சுவர் நல்லது. மேற்கில் ஜன்னல் இருந்தால் மாலை வெயில் எதிர்ச்சுவரில் இருக்கும் திரையில் நேராக விழும் என்பதும் அதற்கு இன்னொரு காரணம். செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் முற்றத்து வெளிச்சம் பகல் முழுக்க ஹாலுக்குள் வருகிறது. அத்தகைய வீட்டுக்கு வெளிச்சம் தூக்கலாகத் தரும் திரை வேண்டும்.

உயரத்தில்தான் எல்லோரும் தவறுகிறோம். டீக்கடையில் பார்த்த ஞாபகத்தில் கூரைக்கு அருகே மாட்டிவிட்டு, பிறகு கழுத்து வலி என்று எண்ணெய் தேய்க்கிறோம். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் என்றால் தரையிலிருந்து மூன்றரை முதல் நாலடி. பாயில் உட்காரும் குடும்பம் என்றால் இரண்டரை அடிதான். இரண்டும் கலந்த வீட்டில் இடைப்பட்ட உயரம். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் திருகாணி பூச்சில் மட்டும் பிடித்தால் ஒருநாள் டிவியோடு விழும்; செங்கல்வரை துளைக்கச் சொல்லுங்கள். மேசைமேல் வைப்பவர்கள், தவழும் குழந்தை இருந்தால் பின்பக்கம் பட்டை போட்டுச் சுவரோடு கட்டிவிடுங்கள்.

இனி திரையின் வகை. கடையில் எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று மூன்று பெயர் சொல்வார்கள். முதல் இரண்டும் அடிப்படையில் ஒன்றே. பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும் எல்.சி.டி. திரை. கியூ.எல்.இ.டி.யில் நிறத்தைத் தூக்கிக் காட்ட ஒரு நுண்துகள் படலம் கூடுதல். ஓ.எல்.இ.டி. வேறு இனம்: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும், பக்கவாட்டிலும் தெளிவு குறையாது. ஆனால் செய்திச் சானலை நாள் முழுக்க ஓடவிடும் வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன். மூலையில் அசையாமல் நிற்கும் சின்னமும் அடியில் உள்ள பட்டையும் காலப்போக்கில் திரையில் கறையாகப் படியும் வாய்ப்பு அதில் அதிகம். எல்.இ.டி.யிலேயே ஐ.பி.எஸ்., வி.ஏ. என இரண்டு பிரிவு. முன்னது பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது, பின்னது நேராகப் பார்த்தால் கறுப்பு நன்றாக இருக்கும். விற்பனையாளருக்கு இது தெரியாமல் போகலாம். நீங்களே பக்கத்தில் போய் நில்லுங்கள், குந்தி உட்கார்ந்தும் பாருங்கள். பேரப்பிள்ளைகள் பார்க்கும் கோணம் அதுதான். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஃபோர் கே என்பது 3840-க்கு 2160 புள்ளிகள், ஃபுல் ஹெச்.டி. 1920-க்கு 1080. 43 இஞ்சும் அதற்கு மேலும் என்றால் ஃபோர் கே வாங்கலாம். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் கேபிள்காரர் கொடுத்த சாதாரணப் பெட்டியில் மட்டும் பார்ப்பதானால், அந்தப் படம் பெரிய திரையில் இன்னும் மங்கலாகவே தெரியும். முதலில் பெட்டியை ஹெச்.டி.க்கு மாற்றுங்கள். ஹெச்.டி.எம்.ஐ. துளைகள் மூன்றாவது இருக்கட்டும். மெல்லிய டிவிகளின் ஒலி பெரும்பாலும் பலவீனம். காது மந்தமான தாயார் இருந்தால், பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்று கடையிலேயே செய்தி வைத்துச் சோதியுங்கள்.

மின்சாரத்துக்கு ஒரு கணக்கு. 43 இஞ்ச் எல்.இ.டி. சுமார் 80 வாட் எடுக்கும் என்று வையுங்கள். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 24 யூனிட். யாரும் பார்க்காமல் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 58 யூனிட். 2016 முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றிருக்கும் நம் மாநிலத்தில், சிறு குடும்பத்துக்கு இந்த வித்தியாசமே பில் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும். வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல் அந்த லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டைப் படியுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஸ்மார்ட் டிவியின் முகப்புதான். போட்டவுடனே நாம் கேட்காத சினிமாப் போஸ்டர்களும் விளம்பரங்களும் திரையை நிறைக்கின்றன. அதில் சில, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்படியானவை அல்ல. கூகுள் டிவி வகையில் செட்டிங்கில் ஆப்கள் மட்டும் தெரியும் முறை இருக்கிறது, போட்டுக்கொண்டால் பரிந்துரைகள் மறையும். பிள்ளைகளுக்குத் தனி கணக்கும் பெற்றோருக்கு ரகசிய எண்ணும் வைக்கலாம். அந்த எண் வண்டி நம்பராக இருக்க வேண்டாம். பிள்ளைகள் அதைத்தான் முதலில் அடித்துப் பார்ப்பார்கள். டிவியும் நம்மைப் பார்க்கிறது. அமெரிக்காவில் விசியோ கம்பெனி 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் மக்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை அனுமதியின்றிச் சேகரித்ததாக வழக்கு வந்து, 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டியது. முதல்முறை போடும்போது வரும் சம்மதப் பக்கங்களில் எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தாதீர்கள். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, ஒரு வயதுக்குள் அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. படுக்கையறையில் இரண்டாவது டிவி வைத்த வீட்டில் இந்தக் கணக்கை யாரும் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை. வசதி இருந்தாலும் ஹாலில் ஒன்று போதும் என்பேன்.

ஆப்கள் நாலைந்து வருடத்தில் பழசாகி மெதுவாகும். அதற்காக டிவியை மாற்ற வேண்டியதில்லை, சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்டிக் செருகினால் போதும். ஆகவே பணத்தைத் திரையில் போடுங்கள், ஆப்களில் அல்ல. வாரண்டியில் பேனலுக்கு எத்தனை வருடம் என்று தனியாகக் கேளுங்கள், செலவு வைப்பது அதுதான். உடைந்தால் வாரண்டி இல்லை. மழைக்காலத்து இடிக்கு மின் பிளக்கைப் பிடுங்குவதோடு கேபிள் வயரையும் கழற்ற வேண்டும். பல டிவிகள் போவது அந்த வயர் வழியாகத்தான்.

பழைய டிவியை என்ன செய்வது? 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கிறது. அந்தப் படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு. செம்புக்காக அதை உடைக்கும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் கடையிடமே கொடுத்துவிடுங்கள். மாட்ட வரும் ஆள் கிளம்பும் முன் திரையை முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் காட்டச் சொல்லி, புள்ளியோ கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியை ஒரு மாதமாவது தூக்கிப் போடாதீர்கள்.