அறுவை வாணிகரும் கூல வாணிகரும்: ஆரணிக் கடைவீதியில் வணிகர் ஒற்றுமை

சங்கப் புலவர்தம் பெயர்ப் பட்டியலை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். புலமையும் வாணிகமும் அக்காலத்தில் ஒன்றையொன்று விலக்கி நின்றவை அல்ல. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். அறுவை என்பது ஆடையின் பழம் பெயர். மணிமேகலை தந்த சீத்தலைச் சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். கூலம் என்பது தானியம். உறையூர் இளம்பொன் வாணிகனார் பெயரிலோ பொன் வாணிகமே ஒளிர்கிறது. புகார் நகரத்து வணிகரை நடுவுநிலை தவறாதவர் என்று பட்டினப்பாலை போற்றுகிறது. 'சங்கம்' என்னும் சொல்லும் புலவர்க்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. இன்று அச்சொல்லை மிகுதியாக வழங்குவோருள் வணிகரும் அடங்குவர்.

அறுவையும் கூலமும் என்ற இவ்விரண்டு வாணிகமும் ஒரே ஊரில் தழைத்து நிற்பதைக் காண விரும்புவோர் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணிக்கு வரலாம். ஆரணிப் பட்டு ஒருபுறம்; ஆரணி அரிசி மறுபுறம். இவ்விரு பெயர்களும் தமிழகம் முழுதும் அறிந்தவை. பட்டுக்கு ஒரு கடை, அரிசிக்கு ஒரு மண்டி, இவற்றிடையே மளிகை, பாத்திரம், மருந்து, தேநீர் எனப் பல கடைகள் அமைந்ததே இவ்வூர்க் கடைவீதி. இத்தனை வகையினரும் ஒரே சங்கத்தின் கீழ் நிற்க இயலுமா, நின்றால் எதற்காக நிற்பர், விலகினால் எதனால் விலகுவர் என்பன இன்றும் தீராத வினாக்கள். வரலாற்றின் துணைகொண்டு அவற்றை ஆராய்வது பயன் தரும்.

கல்லில் எழுதிய கட்டணம்

தமிழ் வணிகர் ஒன்றுகூடி இயங்கியமைக்குக் கல்வெட்டுச் சான்றுகள் பல உள. திசையாயிரத்து ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார், நானாதேசியர், வளஞ்சியர் என அக்குழுக்கள் பல பெயர் பெற்றன. ஐந்நூற்றுவரின் மூல இடமாகக் கருநாடகத்து ஐகொளெ கூறப்படும். அவர்தம் எல்லையோ கடல் கடந்தது. சுமத்திராத் தீவின் லோபு துவா என்னும் இடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வந்திறங்கும் மரக்கலத்தார் செலுத்த வேண்டிய கட்டணத்தை ஐந்நூற்றுவர் வகுத்ததைக் கூறுகிறது.

இன்னும் விரிவானது, இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. வணிகக் குழுவினர் பலர் கூடித் தாம் விற்கும் ஒவ்வொரு சரக்கின்மேலும் தாமே ஒரு சிறு தொகையை விதித்துக்கொண்டு, அதனைக் கோயில் திருப்பணிக்கு வழங்கிய செய்தியை அது தருகிறது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, நூல், புடவை எனச் சரக்குகள் வரிசையாக நிற்கின்றன. வேந்தன் விதித்த வரியாக இல்லாமல், வணிகர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கடனாக இது அமைந்தது.

இங்கு நுட்பமாக நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அறுவை விற்றவர்க்கும் கூலம் விற்றவர்க்கும் ஒரே அளவு விதிக்கப்படவில்லை. சரக்கிற்கு ஏற்ப அளவு வேறுபட்டது. அவ்வளவும் கோயிற் சுவரில் அனைவரும் காணப் பொறிக்கப்பட்டது. கொடுப்பவன் யார், எவ்வளவு கொடுக்கிறான், அது எங்குச் செல்கிறது என்ற மூன்றும் மறைவின்றி நின்றன. ஒற்றுமைக்கு அடிப்படை இதுவே எனலாம்.

இம்மரபு தென்பாண்டி நாட்டில் மகமை என்னும் பெயரால் அண்மைக் காலம்வரை உயிரோடு இருந்தது. விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் வணிகர் உறவின்முறை என்ற அமைப்பால் மகமை திரட்டிக் கோயிலும் கிணறும் பள்ளியும் கண்டனர். கொடுத்த காசு கல்விச்சாலையாகக் கண்முன் எழுந்தபோது கொடுக்க மறுப்போர் குறைந்தனர். எனினும் அவ்வொற்றுமை ஒரு குலத்தின் எல்லைக்குள் அமைந்தது என்பதையும் மறத்தற்கில்லை.

பிளவும் பழமையானதே

முற்காலத்தார் ஒற்றுமையாக வாழ்ந்தனர், இக்காலத்தார் பிளவுபட்டனர் என்று கூறுவது எளிது; உண்மை அன்று. தொண்டை மண்டலத்தில் வலங்கை, இடங்கை என்ற பிரிவு வணிகரையும் கைவினைஞரையும் பல நூற்றாண்டுகள் இரு கூறாக நிறுத்தியது. நெசவுத் தொழிலரான கைக்கோளர், சங்கு ஊதவும் தண்டு ஏறவும் உரிமை வேண்டி விசயநகர வேந்தர் காலத்தில் முறையிட்டுப் பெற்றனர். 1707ஆம் ஆண்டில் சென்னைப் பட்டினத்தில், ஆளுநர் தாமசு பிட்டின் காலத்தில், இப்பகை முற்றியது. கோமுட்டியர் வலங்கையிலும் பேரிச் செட்டியார் இடங்கையிலும் நின்றனர். எத்தெருவில் எவர் ஊர்வலம் செல்வது என்பது வெளிப்படையான வழக்கு. கும்பினியாரின் துணிக் கொள்முதல் எவர் கையில் இருப்பது என்பது அதன் உள்ளே கிடந்த வழக்கு. வலங்கையார் பலர் ஊரைவிட்டுச் சாந்தோமுக்குப் பெயர்ந்தனர். நெசவாளர் நெய்த துணியே இச்சண்டைக்கு ஒரு காரணமாக இருந்தும், நெசவாளர் கருத்தைக் கேட்டவர் அரியர்.

பிற்காலத்து வர்த்தக சபைகளின் தோற்றமும் இவ்வாறு பிரிவின் வழியே நிகழ்ந்தது. சென்னை வர்த்தக சபை 1836இல் ஐரோப்பிய வணிகரால் தோற்றுவிக்கப்பட்டது. அதில் தம் குரல் எடுபடாமை கண்ட இந்திய வணிகர் 1909இல் தென்னிந்திய வர்த்தக சபையை நிறுவினர். அதன் முதல் தலைவராகிய பிட்டி தியாகராயர் நெசவுக் குடியில் தோன்றியவர். கைத்தறித் தொழிலின் மேம்பாட்டில் ஊக்கம் காட்டியவர். தலைநகரத்துச் சபை தம் துயர் அறியாது என எண்ணிய தென்னாட்டார் 1924இல் மதுரை-இராமநாதபுரம் வர்த்தக சங்கம் கண்டனர். கேட்கப்படாத குரல் ஒவ்வொன்றும் ஒரு புதிய சங்கமாக உருக்கொண்டது. ஆகவே சங்கங்கள் பலவாதலை வணிகரின் சிறுமைக்குச் சான்றாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

ஆரணியின் இயல்பு

ஆரணி நெடுங்காலம் மராட்டிய அந்தணக் குடும்பத்தார் ஆண்ட ஜாகீரின் தலைநகர். 1751இல் கிளைவும் 1782இல் ஐதர் அலியை எதிர்த்த ஆங்கிலப் படையும் போரிட்ட களம். கோட்டையும் அகழியும் அவ்வரலாற்றை இன்றும் நினைவூட்டும். ஆயினும் ஊரை வளர்த்தது கோட்டையைவிடத் தறியும் நெல்லுமே. 'ஆரணி ரோடு' என்னும் இரயில் நிலையம் ஊருக்குள் இல்லாமல் களம்பூரில் அமைந்தும், இவ்வூர் வாணிகம் தளரவில்லை.

பட்டு வாணிகத்தின் அமைப்பு தனித்தன்மை உடையது. கருநாடகத்திலிருந்து பட்டும் சூரத்திலிருந்து சரிகையும் வருகின்றன. முதலாளி பாவும் ஊடையும் சரிகையும் தருவார். சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களில் நெசவாளர் தம் வீட்டுத் தறியில் நெய்து கூலி பெறுவர். கூட்டுறவுச் சங்கங்களின் வழியே நெய்வோரும் உளர். காஞ்சிப் பட்டினும் எடை குறைந்து, விலையும் எளிதாய் அமைவது ஆரணிப் பட்டின் சிறப்பு. புவிசார் குறியீடும் இதற்கு உண்டு. இவ்வாணிகம் திருமண முகூர்த்தங்களை நோக்கி நிற்பது. வாங்குவோர் வெளியூர்க் கடைக்காரர்.

அரிசி வாணிகம் அறுவடையை நோக்கி நிற்பது. மளிகைக் கடையோ அன்றாட வரவை நம்புவது. பட்டுக்காரர்க்கு ஆடி மாதத்தில் ஒரு நாள் கடை அடைப்பது பெரும் இழப்பன்று. தள்ளுவண்டிக்காரர்க்கும் தேநீர்க் கடையார்க்கும் அந்த ஒரு நாளே அன்றைய உணவு. ஒரே வீதியில் இருப்பினும் இவர்கள் ஒரே காலத்தில் வாழ்வதில்லை. ஒரு சங்கம் விடுக்கும் கடையடைப்பு அழைப்பை ஒருவர் மகிழ்ந்து ஏற்பதும், ஒருவர் முணுமுணுத்துக் கதவைச் சார்த்துவதும், வேறொருவர் பாதிக் கதவைத் திறந்து வைப்பதும் இதனாலேயே.

வரி தந்த ஒற்றுமை, வரி தந்த பிரிவு

வணிகரை ஒன்றுசேர்ப்பதில் வரிக்கு நிகரான ஆற்றல் வேறொன்றில்லை. 1939இல் இராசாசியின் அமைச்சரவை இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது விற்பனை வரியைச் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தது. மதுவிலக்கால் அரசு இழந்த வருவாயை ஈடுசெய்வது அதன் நோக்கம். அதே 1939இல்தான் ஆரணியை உள்ளடக்கிய வடஆர்க்காடு மாவட்டத்துக்கும் மதுவிலக்கு நீட்டிக்கப்பட்டது. நெசவாளர் இல்லத்தில் கள்ளுக்காசு மிஞ்சியது நன்மை. அதற்கு ஈடாகக் கடைக்காரர் ஏட்டில் வரிக் கணக்கு ஏறியது சுமை. ஒரே ஆண்டு இரு வகையினர்க்கும் இரு வேறு பொருள் தந்தது.

2017 சூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நடப்புக்கு வந்தபோது, நெடுங்காலம் விற்பனை வரிக்கு வெளியே நின்ற துணி வாணிகம் நூற்றுக்கு 5 என்ற வரிக்குள் வந்தது. நாடெங்கும் துணி வணிகர் கொதித்தனர். அரிசி வணிகர் பலர்க்கு அன்று அத்துயர் இல்லை. 2022 சூலை 18 முதல், பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்தது. இம்முறை கொதித்தவர் அரிசி ஆலையார். 26 கிலோ மூட்டை தோன்றியது. துணி வணிகர்க்கு இது அயலார் வழக்கு. 2020இல் பெருந்தொற்று ஊரடங்கிலோ அரிசியும் மளிகையும் இன்றியமையாப் பண்டம் என்று திறந்திருக்க, துணிக்கடைகள் மூடின, திருமணங்கள் தள்ளிப்போயின. அடி ஒவ்வொருவர்மேலும் வெவ்வேறு நாளில் விழுந்தது. அடிபட்ட நாளில் அயற்கடைக்காரர் உடன் நின்றாரா என்ற நினைவே அடுத்த ஆண்டுச் சந்தா இரசீதை வாங்குவதும் மறுப்பதும் ஆகிறது.

இரு மாநாடுகள்

மாநில அளவிலும் இதே நிலை. 1980களில் தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரவை வலுப்பெற்று, மே 5 வணிகர் தினமாக நிலைத்தது. 1989இல் அரசு வணிகர் நல வாரியம் அமைத்தது. பிற்காலத்தில் அமைப்புப் பிளவுற்றது. த.வெள்ளையன் தலைமையில் பேரவையும், ஏ.எம்.விக்கிரமராஜா தலைமையில் தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் ஒரே மே 5இல் இரு வேறு நகரங்களில் மாநாடு கூட்டின. எந்தப் பந்தலுக்குச் செல்வது என்ற வினா ஊர்ச் சங்கங்களின் முன் நின்றது. இரண்டும் வேண்டாம் என்று கடையை அடைத்து வீட்டில் இருந்தோரும் உளர். 2024 செப்டம்பரில் வெள்ளையன் மறைந்தார்.

ஆயினும் பிரிந்தோர் ஒரே பக்கம் நின்ற நாள்களும் உண்டு. 2012இல் சில்லறை வாணிகத்தில் 51 விழுக்காடு அயல்நாட்டு முதலீட்டுக்கு நடுவணரசு இசைந்தபோது இரு அமைப்புகளும் எதிர்த்தன. சல்லிக்கட்டுக் கிளர்ச்சியை அடுத்து 2017 மார்ச் 1 முதல் அயல்நாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என இரண்டும் அறிவித்தன. வெளியிலிருந்து வரும் பெரும் பகைக்கு முன் ஒன்றுபடுவதும், அது நீங்கியபின் தலைமைக்காகப் பிரிவதும் வணிகர்க்கு மட்டும் உரிய இயல்பன்று. மூவேந்தர் வரலாறு படித்தோர் இதனை நன்கு அறிவர்.

சங்கத்தில் இல்லாதவர்

எஞ்சி நிற்பது ஒரு வினா. ஆரணி வாணிகத்தின் வேர் தறி. அத்தறியில் அமர்ந்திருப்பவர் வணிகர் சங்கத்தின் உறுப்பினர் அல்லர். அவர் கூலி பெறுபவர். கடை வைத்திருப்பவர் அல்லர். பட்டின் விலை ஏறினால் முதலாளி கொள்முதலைக் குறைப்பார். அதன் விளைவு நெசவாளரின் வெற்றுத் தறியில் முடியும். விசைத்தறிச் சேலை பட்டென்ற பெயரில் விற்கப்பட்டால், அதனை விற்பவரும் வணிகர், அதனால் நலிபவரும் வணிகர். இழப்பின் பெரும்பங்கோ நெசவாளர்க்கு. கைத்தறிக்கு ஒதுக்கிய வகைகளைக் காக்க 1985இல் நடுவணரசு சட்டம் இயற்றியும் இவ்வழக்கு ஓயவில்லை. இதில் சங்கம் எப்பக்கம் நிற்கும் என்பதே அதன் நேர்மையை அளக்கும் கோல்.

பிரான்மலைக் கல்வெட்டு காட்டும் நெறி இங்குத் துணையாகும். அவரவர் சரக்கிற்கு ஏற்ற அளவு, அனைவரும் காணும் கணக்கு, ஊர்க்குப் பயன்படும் செலவு ஆகிய மூன்றும் அமைந்தால் சிறு கடையாரும் மனமுவந்து சேர்வர். கடையடைப்பு ஒன்றையே செயலாகக் கொண்ட சங்கம், இழப்பைத் தாங்க வல்லவரின் சங்கமாகச் சுருங்கும்.

மே 5ஆம் நாள் கடைவீதிக் கதவுகள் சார்த்தியிருக்கும். நெசவாளர் தெருக்களில் தறியோசை ஓய்வதில்லை. நெய்தால்தான் கூலி என்பவர்க்குக் கடையடைப்பு இல்லை. அவ்வோசையைக் கேட்கும் செவி வாய்க்கும் நாளில், அறுவை வாணிகரும் கூல வாணிகரும் கூடும் அவை உண்மையிலேயே சங்கம் என்னும் பெயர்க்கு உரியதாகும்.