மு. தளையசிங்கமும் கிணற்றடியும்: ஒரு மறுநோக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே செல்லும் வீதி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை ஆகிய ஊர்களைக் கடந்து புங்குடுதீவை அடைகிறது. மணலும் பனையும் உவர்நிலமுமான இத்தீவகத்தில் நன்னீர் அரிய பொருள். அரிய பொருளை உடைமையாக்கியவரிடமே அதிகாரமும் சேருமாதலால், சாதியமைப்பு இங்கு கிணற்றடியிலேயே தன்னை மறைப்பின்றிக் காட்டியது. புங்குடுதீவினரான மு. தளையசிங்கத்தை (1935–1973) அக்கிணற்றடியில் வைத்து நோக்குவதே தக்கதெனக் கருதுகிறோம்.

ஆசிரியராகப் பணிபுரிந்த அவர் ‘புதுயுகம் பிறக்கிறது’ (1965) சிறுகதைத் தொகுதியாலும் ‘போர்ப்பறை’ (1970) நூலாலும் அறியப்பட்டவர். ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யில் முற்போக்கு விமரிசகர்களைக் கடுமையாகச் சாடினார். எம் அணியினர் அவரைக் கருத்துமுதல்வாதி என்றனர். அம்மதிப்பீடு தவறன்று. வர்க்க முரண்பாட்டுக்கு அப்பால், மனித உணர்வின் படிமுறை வளர்ச்சியிலேயே அவரது ‘பிரபஞ்ச யதார்த்தம்’ விடுதலையைத் தேடியது. ஆனால் அம்மதிப்பீட்டோடு எம் பணி முடிந்ததென எண்ணியதே தவறு.

சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. சட்டம் கிணற்றுக்கு வந்து சேரவில்லை. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திற் புறப்பட்ட ஊர்வலமும் 1968 மாவிட்டபுரப் போராட்டமும் குடாநாட்டை உலுக்கின. அவற்றில் பொதுவுடைமையாளரின் பங்கு பெரிது. தீவகத்திலோ 1971இல், புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகத்தில் இறங்கியவர், நாம் ‘கருத்துமுதல்வாதி’ என ஒதுக்கிய இவரே. பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார், சிறை வைக்கப்பட்டார். 1973 ஏப்ரல் 2ஆம் நாள் மறைந்தபோது அவருக்கு நாற்பது வயதும் ஆகவில்லை.

உடைமையாளரின் மனமாற்றத்தை நம்பிய சத்தியாக்கிரகம், கிணற்றைச் சூழ்ந்த காணியுறவைத் தொடவில்லை என்ற எமது விமரிசனம் இன்றும் நிற்கிறது. கிணற்றடிக்குச் செல்லாது மேசையிலிருந்து அதனை எழுதுவது எமக்கு எளிதாயிருந்தது என்பதையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.

‘மெய்யுள்’ அவர் மறைந்த மறுவருடம் வெளிவந்தது. செய்யுளும் உரைநடையும் கடந்த புதிய இலக்கிய வடிவமென அவர் அதனை முன்வைத்தார். அக்கோரிக்கை எமக்கு உடன்பாடன்று. அவரது நாவலான ‘ஒரு தனி வீடு’ பற்றியே இன்னும் ஆராய வேண்டியுள்ளது. ஐம்பதுகளின் இனமுரண்பாட்டினூடாகத் தமிழர் அரசியலை நோக்கும் அந்நாவல் நூலுருப் பெற்றது 1984இல். எழுதியவர் 1983 ஆடியைக் காணவில்லை; நூலைக் கையிலெடுத்த வாசகரோ அதனைக் கண்டவர்கள். தலைப்பிலுள்ள ‘தனி’ என்ற சொல் அதற்குள் வேறொரு பொருள் பெற்றுவிட்டிருந்தது.