சிறுவர் விளம்பரமும் சட்டமும்: அமெரிக்காவும் கியூபெக்கும்

பெற்றோரைத் தாண்டிக் குழந்தையிடமே நேராகப் பேசி, குழந்தையின் ஆசையைக் கொண்டு பெற்றோரை வாங்க வைக்கும் வணிக முறை, அமெரிக்க ஐக்கிய நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாக உருவானது. அதன் தொடக்கச் சான்றுகளுள் ஒன்று மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் இயங்கிய கெல்லாக் நிறுவனம் 1909இல் வெளியிட்ட சிறு படப் புத்தகமாகும். சோளச் செதில் பொட்டலம் இரண்டு வாங்கியோருக்கு இலவசமாகத் தரப்பட்ட அந்தப் புத்தகத்தில், தாள் துண்டுகளைப் புரட்டி ஒரு விலங்கின் தலையை வேறொரு விலங்கின் உடலோடு பொருத்தி விளையாடலாம். காலை உணவை வாங்குபவர் தாயாகவே இருந்தார்; எந்த உணவை வாங்குவது என்பதில் குழந்தையின் விருப்பமும் அப்போது இடம்பெறத் தொடங்கியது.

வானொலி இந்த உறவை நெருக்கமாக்கியது. 1931 முதல் 1940 வரை ஓவல்டின் பானத்தின் உற்பத்தியாளர்கள், அனாதைச் சிறுமி ஒருத்தியின் சாகசங்களைச் சொல்லும் ‘லிட்டில் ஆர்ஃபன் ஆனி’ என்ற கால் மணி நேரத் தொடர் நாடகத்தின் விளம்பரதாரர்களாக இருந்தனர். ஓவல்டின் டப்பாவின் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் உலோகத் தாளைப் பிரித்து அஞ்சலில் அனுப்பும் குழந்தைக்கு, எழுத்துகளும் எண்களும் வட்டமாகப் பொறிக்கப்பட்ட ஒரு பித்தளை வில்லை வந்துசேரும். நாடகம் முடிந்ததும் அறிவிப்பாளர் வாசிக்கும் எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு, வில்லையைத் திருப்பி ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய எழுத்தைக் கண்டுபிடித்தால், மறுநாள் கதையைப் பற்றிய இரகசியச் செய்தி கிடைக்கும். கதையைக் கேட்பதும் பானத்தை வாங்கச் செய்வதும் நண்பர்களிடையே இரகசியம் தெரிந்தவனாக இருப்பதும் ஒரே செயலாகப் பின்னப்பட்டிருந்த இந்த ஏற்பாட்டில், எது நிகழ்ச்சி எது விளம்பரம் என்று பிரித்துப் பார்க்கக் குழந்தைக்கு எந்த வழியும் இருக்கவில்லை. பின்னாளில் தொலைக்காட்சியைப் பற்றி எழுந்த வழக்குகள் அனைத்தின் மையக் கேள்வியும் இந்த வில்லையிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

தொலைக்காட்சியில் முதலில் விளம்பரப்படுத்தப்பட்ட விளையாட்டுப் பொருள் 1952இல் வந்த ‘மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட்’ என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் திருப்புமுனையாக அமைந்தது 1955ஆம் ஆண்டுதான். அவ்வாண்டு அக்டோபரில் டிஸ்னியின் ‘மிக்கி மவுஸ் கிளப்’ ஒளிபரப்பாகத் தொடங்கியபோது, அன்று சிறிய நிறுவனமாக இருந்த மேட்டல், தன் மொத்தச் சொத்து மதிப்புக்கு ஈடான 5,00,000 டாலரைக் கொடுத்து ஓராண்டுக்கான விளம்பர நேரத்தை வாங்கியது. அதுவரை பொம்மை வணிகர்கள் கிறிஸ்துமஸ் நெருங்கும் சில வாரங்களில் மட்டுமே விளம்பரம் செய்து வந்தனர்; ஆண்டு முழுவதும் குழந்தைகளிடம் பேச முனைந்தது புதிய துணிச்சல். மேட்டலின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் தன் வீட்டு வரவேற்பறையிலேயே பொம்மைத் துப்பாக்கியோடு யானை வேட்டையாடுவான். சுவரில் ஓடும் படத்தில் யானைகள் பின்வாங்கும். கடையில் இருந்த பொம்மைக்கும் அந்த யானைகளுக்கும் தொடர்பில்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அடுத்த சில வாரங்களில் கடைகளில் சரக்குத் தீர்ந்து, நிறுவனத்துக்கு ஆர்டர்கள் குவிந்தன.

1960களின் நடுவில் தொலைக்காட்சி நிறுவனங்கள் கார்ட்டூன் படங்களைச் சனிக்கிழமைக் காலைக்கு மாற்றின. பெரியவர்கள் அதிகம் பார்க்காத அந்த நேரம் மலிவாகக் கிடைத்தது. அதைப் பார்ப்பவர்கள் கிட்டத்தட்ட அனைவரும் குழந்தைகளே என்பதால், சர்க்கரை பூசிய தானியச் செதில், மிட்டாய், பொம்மை ஆகியவற்றை விற்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சந்தை வேறு இருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அந்த நிகழ்ச்சிகளில் மணிக்கு 16 நிமிடம் வரை விளம்பரம் இடம்பெற ஒளிபரப்பாளர் சங்கத்தின் நெறிமுறை அனுமதித்தது. பெரியவர்களுக்கான மாலை நேர நிகழ்ச்சிகளில் அனுமதிக்கப்பட்டதைவிட இது கூடுதலான அளவு. தற்காத்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்கே அதிக விளம்பரம் என்ற இந்த ஏற்பாடு, எந்த அளவுகோலால் பார்த்தாலும் நியாயப்படுத்த இயலாதது.

சிறுவர் நிகழ்ச்சிகளின் இந்த வணிகப் போக்கை எதிர்த்து ஏற்கெனவே 1968இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் பெகி சாரன் என்பவரும் வேறு சில தாய்மாரும் கூடி ‘ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். அவர்களுடைய மனுக்களின் விளைவாக, வானொலி தொலைக்காட்சி உரிமங்களை வழங்கும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1974இல் சில நெறிகளை அறிவித்தது. நிகழ்ச்சியையும் விளம்பரத்தையும் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது ஒன்று. நிகழ்ச்சியின் பாத்திரமோ தொகுப்பாளரோ அந்த நிகழ்ச்சிக்குள்ளேயே பொருளை விற்கக் கூடாது என்பது மற்றொன்று. மணிக்கு 16 நிமிடமாக இருந்த வார இறுதி விளம்பர நேரமும் 1976இல் ஒன்பதரை நிமிடமாகக் குறைந்தது. அதே காலத்தில் உளவியல் ஆய்வுகள் ஒரு முடிவை நோக்கித் திரண்டு வந்தன. நான்கைந்து வயதுக் குழந்தை விளம்பரத்தை நிகழ்ச்சியிலிருந்து பிரித்து அறியத் தடுமாறுகிறது என்பதையும், பிரித்து அறிந்த பிறகும் ஏறத்தாழ எட்டு வயது வரை, எதிரே பேசுபவர் தனக்கு ஒன்றை விற்கவே இப்படிப் பேசுகிறார் என்ற உள்நோக்கத்தை அது உணர்வதில்லை என்பதையும் அவை காட்டின.

இந்த முடிவைச் சட்டமாக்க முயன்றது கூட்டாட்சி வணிக ஆணையம். ஏமாற்று விளம்பரங்களைத் தடுப்பதோடு, பொய் இல்லாவிட்டாலும் நுகர்வோரின் இயலாமையைப் பயன்படுத்திக்கொள்ளும் ‘நியாயமற்ற’ வணிக முறைகளைத் தடுக்கவும் அதற்கு அதிகாரம் இருந்தது. அதிபர் கார்ட்டர் 1977இல் தலைவராக நியமித்த மைக்கேல் பெர்ட்ஷுக் காலத்தில், 1978இல் ஆணையத்தின் அலுவலர்கள் மூன்று அடுக்கு விதியொன்றை முன்மொழிந்தனர். விற்பனை நோக்கத்தைப் புரிந்துகொள்ள இயலாத சிறு வயதினர் பெருமளவில் பார்க்கும் நிகழ்ச்சிகளில் எந்த விளம்பரமும் கூடாது. சற்றே வளர்ந்த குழந்தைகளின் நிகழ்ச்சிகளில் பற்களுக்கு மிகக் கேடான இனிப்புப் பண்டங்களின் விளம்பரம் கூடாது. ஏனைய இனிப்பு உணவுகளை விளம்பரப்படுத்துவோர் உணவு நலம் பற்றிய செய்திகளையும் தம் செலவில் ஒளிபரப்ப வேண்டும். ஓர் அமெரிக்கக் குழந்தை ஆண்டுக்குச் சராசரியாக 20,000 விளம்பரங்களைப் பார்க்கிறது என்று அவர்கள் மதிப்பிட்டிருந்தனர்.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. உணவு, பொம்மை, விளம்பரம், ஒளிபரப்பு ஆகிய துறைகள் கைகோத்தன. 1978 மார்ச்சில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் தன் தலையங்கத்தில் ஆணையத்தை நாட்டுக்கே செவிலித்தாயாக முனைகிறது என்று பழித்தது. அந்தச் சொல் பிறகு பல ஆண்டுகள் ஆணையத்தை விட்டு அகலவில்லை. பெர்ட்ஷுக் முன்பே பொதுவெளியில் கருத்துத் தெரிவித்துவிட்டதால் நடுநிலையாக இருக்க முடியாது என்று விளம்பரத் துறை தொடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றம் அவரை விலக்கியது. 1979இன் இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியபோதும், தாமதத்தால் விளைந்த சேதம் விளைந்ததுதான். 1980 மே மாதத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், சிறுவர் விளம்பரம் பற்றிய விதிகளை ‘நியாயமின்மை’ என்ற அடிப்படையில் இயற்றும் அதிகாரத்தை ஆணையத்திடமிருந்து பறித்தது.

1981இல் நடவடிக்கை கைவிடப்பட்டபோது அலுவலர்கள் தந்த இறுதி அறிக்கை கவனமாகப் படிக்கத் தக்கது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளால் விளம்பரத்தின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள இயலாது என்பது சான்றுகளால் நிறுவப்பட்டுவிட்டது என்றும், அதற்குத் தடையைத் தவிர வேறு தீர்வு இல்லை என்றும் அது ஒப்புக்கொண்டது. ஆயினும் அந்த வயதினர் மட்டுமே பெரும்பான்மையாகப் பார்க்கும் நிகழ்ச்சிகள் மிகச் சிலவே என்பதால் தடையை நடைமுறைப்படுத்த இயலாது என்று கூறி அது முடிந்தது. அறிவியல் வாதம் தோற்கவில்லை. தீங்கு இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டே அரசு கைவிரித்தது. பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. 1983இல் மேட்டலின் பொம்மைகளையே நாயகர்களாகக் கொண்ட ‘ஹீ-மேன்’ கார்ட்டூன் வந்தது. 1984இல் தகவல்தொடர்பு ஆணையம் தன் விளம்பர நேர வரம்புகளைக் கைவிட்டது. பொம்மை நிறுவனங்களின் கார்ட்டூன்கள் பெருகின. 1990இன் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம் நேர வரம்பை மீட்டதேயன்றி, 1978இன் கேள்வியைத் தொடவில்லை.

அமெரிக்கா முடியாது என்று சொன்னதை வடக்கே கனடாவின் கியூபெக் மாகாணம் செய்தது. 1978இல் இயற்றப்பட்டு 1980 ஏப்ரல் 30 முதல் நடைமுறைக்கு வந்த அதன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப் பிரிவு, 13 வயதுக்குட்பட்டவர்களை நோக்கிய வணிக விளம்பரத்தைச் சில விலக்குகளோடு தடைசெய்தது. வாஷிங்டனைத் தடுமாற வைத்த சிக்கலுக்கு அச்சட்டம் எளிய விடை கண்டது: பார்வையாளரின் வயதை மட்டும் எண்ணிக்கொண்டிராமல், பொருளின் தன்மை, விளம்பரம் அமைந்த விதம், அது காட்டப்படும் நேரமும் இடமும் ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோடச் சொன்னது. பேச்சுரிமை மீறப்படுவதாக ஒரு பொம்மை நிறுவனம் தொடுத்த வழக்கில், கனடா உச்ச நீதிமன்றம் 1989இல் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், பேச்சுரிமை கட்டுப்படுத்தப்படுவது உண்மையே ஆயினும் எளிதில் ஏமாறக்கூடியவர்களைக் காக்க அது நியாயமான கட்டுப்பாடே என்று தீர்ப்பளித்தது.

சட்டம் பயன் தந்ததா என்பதற்கு, மாகாணத்தின் மொன்றியால் நகரமே சோதனைக் களமாயிற்று. மாகாணத்தின் சட்டம் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அமெரிக்க ஒளிபரப்பைக் கட்டுப்படுத்த இயலாததால், அவற்றை அதிகம் பார்த்த ஆங்கிலம் பேசும் குழந்தைகள் விளம்பரத்தைத் தொடர்ந்து கண்டனர். பிரெஞ்சு பேசும் குழந்தைகள் பெரும்பாலும் காணவில்லை. மார்வின் கோல்ட்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு இவ்விரு பிரிவினரையும் ஒப்பிட்டது. ஆங்கிலக் குழந்தைகளுக்கு அதிகமான பொம்மைகளின் பெயர்கள் தெரிந்திருந்தன. அவர்கள் வீடுகளில் சிறுவர்களை நோக்கி விற்கப்படும் இனிப்புத் தானியச் செதில் வகைகளும் கூடுதலாக இருந்தன. எந்த மொழியைப் பேசியபோதும், அமெரிக்கத் தொலைக்காட்சியை அதிகம் பார்த்த குழந்தையின் வீட்டில் அவ்வகைகளும் அதிகமாகவே இருந்தன. சிறுவர் விளம்பரத்தைத் தடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று 1981இல் சொல்லப்பட்ட காரணத்தை, கியூபெக்கின் சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தே பொய்யாக்கியுள்ளது.