கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும்: கோப்பு முறைமைகளின் பிழைக்கதை

பவணந்தியார் நன்னூலில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை வகுத்துரைக்கிறார். 'கூறியது கூறல்' அவற்றுள் ஒன்று. 'மாறுகொளக் கூறல்' இன்னொன்று. வகுப்பறையில் இவ்விரண்டையும் தொடர்பில்லாத இரு குற்றங்களாகவே பல்லாண்டுகள் விளக்கி வந்திருக்கிறோம். முன்னது படிப்பவர்க்குச் சலிப்பூட்டும், பின்னது நூலையே கெடுக்கும் என்று வேற்றுமையும் காட்டியிருக்கிறோம். கணிப்பொறி நிரல்களின் வரலாற்றைச் சிறிதளவு படிக்க நேர்ந்தபின் அந்த விளக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. முதற்குற்றம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் காலப்போக்கில் இரண்டாம் குற்றமாக முதிர்ந்துவிடுகிறது.

அந்த வரலாற்றைப் படிக்க நேர்ந்ததற்கு ஓர் இழப்பே காரணம். பழைய இலக்கிய இதழ்களுக்குப் பொருளடைவு ஒன்று தயாரித்து, இரண்டாண்டு உழைப்பை ஒரு வெளி வன்தட்டில் படியெடுத்தோம். பணி முடிந்தது என்று திரை அறிவித்தது. மறுவாரம் திறந்து பார்த்தால் கோப்புகளின் பெயர்கள் இருந்தன. பலவற்றின் உள்ளே எழுத்து ஒன்றுகூட இல்லை. நம்மிடம் பயின்று இன்று மென்பொருள் துறையில் இருக்கும் மாணவர் அதைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "வட்டு தன் பிழையைச் சொல்லித்தான் இருக்கும், ஐயா. இடையில் யாரோ அதைக் காதில் வாங்கிக்கொண்டு உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்." அந்த 'இடையில் உள்ள யாரோ' எவர் என்று தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

வட்டுக்கும் பயனருக்கும் இடையில் நிற்பது கோப்பு முறைமை என்னும் நிரல். வட்டுக்குத் தெரிந்தவை எண்ணிடப்பட்ட தொகுதிகள் மட்டுமே. அவற்றைக் கோப்பு என்றும் கோப்புறை என்றும் நமக்குத் தோற்றமளிக்கச் செய்வது இந்த நிரலின் வேலை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சிங்கியில் லினக்ஸைத் தொடங்கியபோது, ஆண்ட்ரூ டானென்பாமின் மினிக்ஸ் இயங்குதளத்துக் கோப்பு முறைமையையே கைக்கொண்டார். அதில் கோப்பின் பெயர் 14 எழுத்துக்களுக்கு மேல் போகலாகாது. வட்டுப் பகுதியின் அளவு 64 மெகாபைட்டைத் தாண்டலாகாது. இக்குறையைப் போக்க ரெமி கார்ட் 1992-இல் 'எக்ஸ்ட்' என்பதையும், 1993-இல் பிறருடன் சேர்ந்து 'எக்ஸ்ட்2' என்பதையும் எழுதினார். 2001-இல் எக்ஸ்ட்3, 2008-இல் எக்ஸ்ட்4 என அந்தக் குடும்பம் வளர்ந்தது.

இத்தகைய நிரலில் ஒரு புதிய கோப்பை உண்டாக்குவது போன்ற எளிய செயலும் பல படிகள் கொண்டது. நினைவகத்தில் இடம் கேட்க வேண்டும். பிறர் குறுக்கிடாதபடி பூட்டிட வேண்டும். வட்டிலிருந்து ஒரு தொகுதியைப் படிக்க வேண்டும். கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஏட்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும். கோப்புறையில் பெயரைப் பதிய வேண்டும். ஐந்தில் எதுவும் தவறலாம். தவறினால் அதுவரை ஏறிய படிகளை வந்த வழியே இறங்கியாக வேண்டும்: பதிந்ததை அழித்து, பூட்டைத் திறந்து, வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தொடக்கநிலை நிரலர் இதை எப்படி எழுதுவார்? இரண்டாம் படி தவறும் இடத்தில் ஒரு வரி, மூன்றாம் படி தவறும் இடத்தில் இரண்டு வரி, நான்காவதில் மூன்று, ஐந்தாவதில் நான்கு என மீட்சி வரிகளை அங்கங்கே எழுதுவார். ஆகப் பத்து வரிகள். செய்ய வேண்டிய மீட்சிச் செயல்களோ நான்கே. எஞ்சிய ஆறும் கூறியது கூறல். எழுதிய அன்று இதனால் கேடில்லை. பத்து வரியும் சரியாகவே இருக்கும். சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே புதிய படியொன்றைச் செருகுகிறார் என்று கொள்வோம். அதற்குரிய மீட்சியை அவர் மூன்று இடங்களில் சேர்க்க வேண்டும். இரண்டில் சேர்த்து ஒன்றை மறந்தால், அந்த ஒரு வழியில் மட்டும் பூட்டு திறக்கப்படாமல் நிற்கும். ஏடு பெயர்த்தெழுதியோர் கைவழியே பாடபேதங்கள் புகுந்ததை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஒரே பாடம் மூன்று படிகளில் இருக்குமானால் அவை என்றைக்கும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இதற்கு லினக்ஸ் நிரலர் கண்ட தீர்வு, மீட்சி வரிகளையெல்லாம் செயற்கூற்றின் இறுதியில் தலைகீழ் வரிசையில் ஒருமுறை மட்டும் எழுதிவைப்பது. எந்தப் படி தவறினாலும் உரிய இடத்துக்குத் தாவினால் போதும். அங்கிருந்து கீழே இறங்க இறங்க எல்லாம் தானே ஒழுங்காகும். தொல்காப்பியத்தில் இயல்கள் பலவற்றின் இறுதியில் புறனடைச் சூத்திரம் நிற்பதை இங்கு நினைவுகூரலாம். விதிகளுள் அடங்காது எஞ்சியவற்றை ஒவ்வொரு விதியின் கீழும் விரித்துக் கொண்டிராமல், கடையில் ஓரிடத்தில் அமைத்துக் கொடுப்பது அது.

இப்படித் தாவுவதற்குப் பயன்படும் 'கோ டூ' என்னும் கட்டளைதான் கணிப்பொறி உலகில் மிகவும் பழிக்கப்பட்டது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968 மார்ச்சில் இதன் தீமையை ஒரு மடலாக எழுதினார். மடலுக்குக் கடுமையான தலைப்பைச் சூட்டியவர் இதழின் பதிப்பாசிரியர் நிக்லாஸ் விர்த். அதன்பின் ஒரு தலைமுறை மாணவர்க்கு இக்கட்டளை தீட்டாயிற்று. டொனால்ட் நூத் 1974-இல் விரிவான கட்டுரை எழுதி, அளவோடு பயன்படுத்தினால் இது நன்மை தரும் இடங்களும் உண்டு என்று காட்டினார். லினக்ஸ் கெர்னலின் நடைவழிகாட்டி நூத்தின் பக்கமே நிற்கிறது எனலாம். செயற்கூற்றிலிருந்து வெளியேறும் வழியை ஓரிடத்தில் குவிப்பது பற்றி அதில் தனிப்பகுதியே உண்டு.

ஆனால் ஒரு செயற்கூற்றின் உள்ளே ஒழுங்கு செய்தால் மட்டும் போதுமா? செயற்கூறுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 2004-இல் ஓர் ஆய்வுக்குழு சி.பி.-மைனர் என்ற கருவியால் லினக்ஸின் மூலநிரலைத் துழாவியபோது, படியெடுத்து ஒட்டிய பகுதிகள் 1,90,000 கிடைத்தன. படியெடுத்ததால் விளைந்த பிழைகளாக 28 வெளிப்பட்டன.

மறு ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஜயன் பிரபாகரனும் அவருடன் பணியாற்றியோரும் வேறொரு வழியில் சோதித்தார்கள். வட்டு பழுதானதுபோல் வேண்டுமென்றே நடிக்கச் செய்து, ஒவ்வொரு கோப்பு முறைமையும் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். எக்ஸ்ட்3 எழுதும்போது நேரும் பிழைகள் பலவற்றைப் பொருட்படுத்தவில்லை. ரெய்ஸர்எஃப்எஸ் எழுதுவதில் பிழை நேர்ந்ததும் கணிப்பொறியையே நிறுத்தியது. இவை இருவேறு கொள்கைகள். இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜே.எஃப்.எஸ். செய்ததே வியப்பு. தன் முதன்மைக் குறிப்பேட்டைப் படிக்க முடியாதபோது மாற்றுப் படியை எடுத்துத் தப்பித்துக்கொண்டது. அதே குறிப்பேடு படிக்கக் கிடைத்து உள்ளே சிதைந்திருந்தாலோ, மாற்றுப் படியைத் தொடாமலே தோல்வியை ஒப்புக்கொண்டது. கையில் இருந்த மருந்து ஒன்றே. ஓரிடத்தில் நினைவுக்கு வந்தது, பிறிதோரிடத்தில் வரவில்லை. மாறுகொளக் கூறலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நாம் கண்டதில்லை.

2008-இல் ஹர்யாதி குணாவியும் அதே பல்கலைக்கழகத்துக் குழுவினரும் லினக்ஸ் 2.6-இன் கோப்பு முறைமைகள் அனைத்தையும் மூன்று சேமிப்பு இயக்கிகளையும் ஆராய்ந்தனர். கீழேயிருந்து வரும் பிழைக்குறி மேலே சென்று சேர்கிறதா என்பதே கேள்வி. 1,153 அழைப்புகளில், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்றில், பிழைக்குறி பெறப்பட்டு, யாருக்கும் சொல்லப்படாமல் கைவிடப்பட்டிருந்தது. நம் மாணவர் சொன்ன 'யாரோ' இங்கே அகப்பட்டார். அவர் ஒருவர் அல்லர், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்.

ஒன்றாக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. எக்ஸ்ட் குடும்பத்தில் முரண்பாடு கண்ட எந்தச் செயற்கூறும் அழைப்பதற்குப் பொதுவான ஒரு பிழைச் செயற்கூறு உண்டு. அது செய்தியைப் பதிகிறது. இந்த வட்டுப்பகுதியில் பிழையுண்டு என்ற குறியை இடுகிறது. பின் தொடர்வதா, படிக்க மட்டும் விடுவதா, கணிப்பொறியை நிறுத்துவதா என்பதில் நிர்வாகி முன்பே தேர்ந்தபடி நடக்கிறது. 2007-இல் விஸ்கான்சின் குழுவினர் இன்னும் ஒருபடி மேலே சென்று, வட்டுக்குப் போகும் எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே மேய்ப்பனின் பார்வையில் நடத்தி, பழுதுக்கான கொள்கையை ஓரிடத்தில் எழுதும் அமைப்பைச் செய்து காட்டினர்.

இவ்வரலாற்றில் மிகுந்த அச்சம் தருவது 2018-இல் வெளிப்பட்டது. நாம் எழுதும் எதுவும் உடனே வட்டுக்குப் போவதில்லை. நினைவகத்தில் காத்திருந்து பிறகே போகிறது. போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்ய 'எஃப்சிங்க்' என்ற அழைப்பு உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலர் ஒரு நம்பிக்கையில் இருந்தனர்: எஃப்சிங்க் தோல்வி சொன்னால் மீண்டும் கேட்கலாம், இரண்டாம் முறை வெற்றி என்றால் எல்லாம் எழுதப்பட்டுவிட்டது. லினக்ஸிலோ பிழைக்குறி முதலில் கேட்டவரிடம் சொல்லப்பட்டதும் அழிக்கப்பட்டது. எழுதப்படாத பக்கமும் எழுதப்பட்டதாகவே கொள்ளப்பட்டது. இரண்டாம் முறை வந்த 'வெற்றி', தரவு தொலைந்ததை மறைத்தது. இதன் ஒரு பாதியை லினக்ஸ் 2017-இலேயே, 4.13 பதிப்பில், திருத்தத் தொடங்கியிருந்தது. ஜெஃப் லேட்டன் கொண்டுவந்த பொது முறையின்படி பிழைக்கு வரிசை எண் உண்டு. கோப்பைத் திறந்து வைத்திருப்போர் ஒவ்வொருவரும் தாம் கடைசியாகக் கண்ட எண்ணை வைத்திருப்பர். ஒருவரிடம் சொன்னதால் மற்றவர்க்கு மறைக்கப்படாது. போஸ்ட்கிரெஸ் தன் பங்குக்கு 2019 பிப்ரவரிப் பதிப்புகளில், எஃப்சிங்க் தோற்றால் நின்றுவிட்டுப் பதிவேட்டிலிருந்து மீண்டெழுவது என்று முடிவு செய்தது.

ஒன்றாக்கிவிட்டால் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 2014-இல் ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலில், பொது வாயிலுக்குத் தாவும் வரியொன்று தவறுதலாக இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரி நிபந்தனையின்றித் தாவியதால், சரிபார்க்காத ஒப்பமும் சரியென்று வெளியேறியது. வாயில் ஒன்றானால் அங்கு நேரும் தவறும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. 2013-இல் ஆறு லினக்ஸ் கோப்பு முறைமைகளின் 5,079 திருத்தங்களைப் படித்த ஆய்வு, பிழைகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு தோல்வியைக் கையாளும் வழிகளிலேயே இருப்பதைக் கண்டது. விழுந்தவரைத் தூக்கப் போன கையே இடறுகிறது. 2023-இல் வந்த லினக்ஸ் 6.5, மீட்சியைத் தொகுப்பியிடமே ஒப்படைக்கும் வசதியைத் தந்தது. இடத்தை வாங்கும் வரியிலேயே திருப்பிக் கொடுக்கும் முறையையும் அறிவித்துவிட்டால், செயற்கூற்றை விட்டு எவ்வழியில் வெளியேறினாலும் அது தானே நடைபெறும். அப்போது கூறியது கூற வேண்டிய தேவையே எழுவதில்லை.

கூறியது கூறலைக் குற்றமென்று வகுத்த இலக்கணிகள் படிப்பவரின் பொறுமையைக் கருதினார்களா, நூலின் எதிர்காலத்தைக் கருதினார்களா என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம். நூலைப் பின்னாளில் பலர் தொடுவர், உரை எழுதுவர், இடைச்செருகுவர். ஓரிடத்தில் நிற்கும் கருத்தைத் திருத்தினால் அது திருந்தும். மூன்றிடத்தில் நிற்பதைத் திருத்துவோர் இரண்டோடு நின்றுவிடக்கூடும்.

பொருளடைவை முதலிலிருந்து மறுபடி தொகுத்து வருகிறோம். இம்முறை படியெடுத்ததும் திரை சொல்வதோடு நிற்காமல், ஒவ்வொரு கோப்பையும் திறந்து கண்ணால் பார்த்த பிறகே எழுந்திருக்கிறோம்.