ஹார்ட் டிஸ்கில் வந்த ஐஐடி வகுப்பு

2000களில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஆண்டுக்கு ஆண்டு முளைத்தன. பாடம் நடத்தத்தான் ஆளில்லை. போன வருடம் பி.இ. முடித்தவர் இந்த வருடம் கரும்பலகை முன் நின்றார். நானும் அப்படி நின்றவன்தான். கையில் கொடுத்த பாடம் தெர்மோடைனமிக்ஸ். என்ட்ரோபி என்றால் என்னவென்று எனக்கே யாரும் நிதானமாகச் சொல்லித் தந்ததில்லை.

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடப்போவதாக அறிவித்திருந்தது. இங்கே 2003இல் அன்றிருந்த ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் மத்திய அரசின் பணத்தில் என்பிடிஇஎல் என்ற இலவசப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. ஒருங்கிணைப்பு சென்னை ஐஐடியில். எம்ஐடி முதலில் தந்தவற்றில் பெரும்பகுதி பாடக்குறிப்புகளும் வினாத்தாள்களும்தான். நம்மவர்களோ பல பாடங்களுக்கு வகுப்பையே, ஏறக்குறைய நாற்பது மணி நேரம், படம் பிடித்தார்கள். குறிப்பை விளக்க ஆசிரியர் இல்லாத ஊர்களுக்கு அதுதான் தேவைப்பட்டது. அந்த முடிவை எடுத்தவர்களுக்கு என் தலைமுறை ஆசிரியர்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அன்றைய இணைய வேகத்தில் ஒரு வகுப்பை முழுதாகப் பார்ப்பது பெரும்பாடு. ஹார்ட் டிஸ்கில் வாங்கி வந்து கல்லூரி சர்வரில் ஏற்றினோம். மாலையில் லேப் திறந்திருக்கும். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஒரே நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். வகுப்பில் கை தூக்கி "சார், இன்னொரு தடவை" என்று கேட்கக் கூசியவர்கள் அவர்கள். ஐஐடி பேராசிரியரைப் பாதி வாக்கியத்தில் நிறுத்திவைக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. இலவசம் என்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

2014இல் என்பிடிஇஎல்லில் சான்றிதழ் வந்தது. பார்ப்பதற்குக் காசில்லை, வாராவாரம் அசைன்மென்ட், கடைசியில் தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் தேர்வு. தேர்வுக்கு மட்டும் கட்டணம். விடுதிக் கட்டணத்துக்கே திணறும் வீட்டில் அது சிறு தொகை இல்லை. சேர்பவர்களில் சிறு பகுதியினரே தேர்வு வரை வருகிறார்கள். 2016இல் இணையப் பாடங்களைப் பட்டத்தின் கிரெடிட்டில் சேர்க்க வழி பிறந்தது, 2017இல் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் தொடங்கப்பட்டது. எண்ணிக்கை ஏறியது. கூடவே அசைன்மென்ட் விடைகளும் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கின. கிரெடிட்டுக்காக வந்தவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். சந்தேகம் கேட்க அவனுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

இந்தத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் பாடத்துக்கு வழிகாட்ட மென்டராக ஓர் ஆசிரியர் உண்டு. பல இடங்களில் அவர் வேலை, யார் பணம் கட்டவில்லை என்று பட்டியல் எடுப்பதோடு முடிகிறது. நான் வாரம் ஒரு மணி நேரம் மாணவர்களோடு உட்கார்ந்து, வீடியோவை நிறுத்தி, தமிழில் சொல்லி, மறுபடி ஓட்டுகிறேன். அப்படி உட்கார்ந்தவர்கள் தேர்வுக்குப் போகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை ஆசிரியரின் வேலைநேரக் கணக்கில் சேர்த்து டைம்டேபிளில் போட வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.